யாரு கூட சண்டை?

நான் புத்தகம் படிக்கிறவன் இல்லை. படிக்கிறவர்களுக்குக் கண்ணாடி விற்கிறவன். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் போகிற ஒரு தெருவில், மாதா கோயில் மதிலை ஒட்டி இரண்டு கடைகள். ஒன்று என் கண்ணாடிக் கடை. மற்றது அந்தக் கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவர்களின் சபை, அவர்கள் பேச்சில் பங்கு, நடத்தும் ஆன்மிகப் புத்தகக் கடை. இரண்டுக்கும் நடுவில் சுவர் என்று பெயருக்கு ஒரு மரப்பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் "நூறு" சொல்லலாம். புத்தகக் கடை மதாமைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, அந்தப் பலகை வழியாகக் காதில் விழுந்ததுதான்.

மதாம் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். புருஷன் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, ஊருக்கு வந்து, வீடு கட்டி, கிருகப்பிரவேசம் முடிந்த சூட்டோடு காலமாகிவிட்டார். அவருடைய பென்ஷன் பிரான்சிலிருந்து மதாமுக்கு வந்துகொண்டிருந்தது. மகளும் அங்கேதான். வீட்டில் தனியாக இருந்தால் சுவரோடு பேச வேண்டியிருக்கிறது என்று சொல்லி, சம்பளம் வாங்காமல் இந்தக் கடையில் வந்து உட்கார்ந்தார். சம்பளம் வாங்காத ஒருவரை வேலையை விட்டு எடுப்பது எப்படி என்று பங்குப் பேரவைக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

குள்ளமான உருவம். பூப்போட்ட நூல் சேலை, காலில் கான்வாஸ் ஷூ. குரல் மட்டும் ஆளைவிடப் பெரியது. கடைக்கு வருகிற யாரும் கேட்ட புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனதாக எனக்கு நினைவில்லை.

"மதாம், மன நிம்மதிக்கு ஒரு புக்கு குடுங்க."

"அலோர்... அப்ப, யாரு கூட சண்டை?"

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"சண்டை இல்லாதவன் ஃபேனைப் போட்டுக்கிட்டு வூட்ல படுத்துத் தூங்குவான். இந்த வெயில்ல இங்க எதுக்கு வரான்? மாமியாரா, ஆபீஸா?"

இங்கே ஒரு இடைவெளி வரும். பலகைக்கு இந்தப் பக்கம் நானும் லென்ஸ் துடைப்பதை நிறுத்திவிடுவேன். பிறகு, பாவசங்கீர்த்தனக் கூண்டில் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்கிற மாதிரி ஒரு சின்னக் குரல் வரும்.

"தம்பி பொண்டாட்டி."

"அத மொதல்ல சொல்லு."

கடவுளைத் தேடி வருகிற ஒவ்வொருவரும் ஒரு சண்டையிலிருந்துதான் வருகிறார் என்பது மதாமின் அசைக்க முடியாத நம்பிக்கை. அதற்கு அவர் கொடுத்த மருந்துதான் விசித்திரம். வருகிறவரின் சாமியைப் பற்றிய புத்தகத்தைக் கொடுக்கவே மாட்டார். சண்டைக்காரரின் சாமியைப் பற்றியதைத்தான் எடுத்து நீட்டுவார். இரண்டு பேருக்கும் ஒரே சாமி என்றால், இருவருக்கும் தெரியாத மூன்றாவது சாமி. பௌத்தத் துறவிகள், சமண முனிவர்கள், சூஃபிகள் என்று கடையின் பின்சுவர் முழுக்க அடுக்கி வைத்திருந்தார். முன்பிருந்த பாதிரியார், எல்லா மதமும் எல்லோருக்கும் தெரியட்டும் என்று ஒரே ஒரு தட்டுக்கு அனுமதி கொடுத்திருந்தார். அவர் மாற்றலாகிப் போவதற்குள் அந்தத் தட்டு குட்டி போட்டுக் கூரையைத் தொட்டுவிட்டது.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார். கிறிஸ்தவர். எதிர்வீட்டு வாசலில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி. ஆடி மாதம். தூக்கமில்லை. பொறுமைக்கு ஏதாவது ஜெபப் புத்தகம் வேண்டும் என்றார். மதாம் அம்மன் வழிபாட்டைப் பற்றிய ஒரு புத்தகத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். மாதம் முடிவதற்குள் அந்த அம்மா திரும்பி வந்தார்.

"என்ன மதாம் இப்படிப் பண்ணிட்டீங்க? முன்னாடி அது வெறும் சத்தம். தலகாணிய காதுல வச்சிக்கிட்டு எப்படியோ தூங்கிடுவேன். இப்ப அர்த்தம் புரியுது. கதை பாதியில இருக்கும்போது எப்படித் தூங்கறது?"

"சண்டை போட்டியா?"

"எங்க போடறது? நேத்து கோயில்ல பாடுறவன் ரெண்டு வரிய வுட்டுட்டு பாடுனான். போயி அதைச் சொல்லிட்டு வந்தேன்."

மதாம் சிரித்த சிரிப்பில் என் கடைக் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. ஒருநாள் நானே கேட்டேன். "மதாம், எல்லாரையும் கேக்குறீங்களே, உங்களுக்கு யாரு கூட சண்டை?"

"எல்லாரு கூடவும்தான். இல்லன்னா இவ்ளோ புக்கு எதுக்கு?" என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கடைக்குள்தான் அந்த இரண்டு சம்பந்திகளும் வந்து சேர்ந்தார்கள்.

முதலில் வந்தவர் தவளக்குப்பம் பக்கத்து விவசாயி. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட என்னிடம் வந்தவர். பெண் டவுனில் ஜவுளிக் கடையில் வேலை செய்தாள். நெல்லித்தோப்பில் ஒரு கிறிஸ்தவப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இரண்டு வீட்டிலும் பேச்சு நின்றது. இப்போது அவள் மாசமாக இருந்தாள். நான் கண்ணைச் சோதித்துக்கொண்டிருக்கும்போதே அவர் இதையெல்லாம் சொல்லிவிட்டு, பக்கத்தில் வேதக்காரர்களின் புத்தகக் கடை இருப்பதைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார்.

"இங்கதான மதம் மாத்துறீங்க?" என்று பலகைக்கு அந்தப் பக்கம் அவர் குரல் இடித்தது.

"உக்காருங்க ஐயா. யாரு கூட சண்டை?"

முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "சம்பந்தின்னு சொல்றாங்க. அந்த ஆள் மூஞ்சியைக்கூட நான் பாத்ததில்ல" என்றார்.

"நல்லா திட்டணுமா?"

"திட்டணும்தான்."

"அப்ப அந்தாளு எதைக் கும்புடுறாருன்னு தெரிஞ்சிக்கிட்டுத் திட்டுங்க. தெரியாம திட்டுனா காத்துல கத்தி வீசுற மாதிரி. யாரு மேலயும் படாது."

புனிதர்களின் வரலாறு ஒன்றைக் கையில் கொடுத்தார். திட்டுவதற்கென்று ஒருவர் புனிதர் வரலாறு வாங்கிப் போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த மாதமே நெல்லித்தோப்புக்காரர் வந்தார். பையனின் அப்பா. மூடிப்போன மில்லில் வேலை பார்த்தவர். இப்போது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன். மருமகள் ஞானஸ்நானம் வாங்கச் சம்மதிக்க, ஒன்பது நாள் சொல்கிற நல்லதொரு நவநாள் ஜெபம் வேண்டும் என்றார்.

"மருமவ எதைக் கும்புட்டு வளந்தான்னு தெரியுமா?"

"என்னமோ முருகர்னு சொல்லுது."

"என்னமோ முருகரா? மாமனாரு மாதிரியா பேசுறீங்க? இதைப் படிச்சிட்டு வாங்க. ஜெபத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்." ஒரு முருகன் புத்தகத்தைக் கையில் திணித்து, "பக்கத்துல கண்ணாடியும் போட்டுக்குங்க, எழுத்து பொடிசு" என்று என்னிடம் அனுப்பிவைத்தார்.

பெண் குழந்தை பிறந்தது. பேர் வைக்கும் நாளன்று நெல்லித்தோப்பு வீட்டுக்கு இரண்டு பெரியவர்களும் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பெண் சந்தோஷத்தில் என் கடை வரை வந்து என்னையும் மதாமையும் அழைத்தாள். அப்பாவும் மாமனாரும் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று அவள் நினைத்தாள். அவர்கள் வந்ததோ ஒருவருக்கொருவர் பரீட்சை வைக்க.

பந்தியில் மதாம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணியில் நல்ல கறித்துண்டாகத் தேடிக்கொண்டிருந்தார். தொட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். இரண்டு பேர் மூக்கிலும் நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி. தவளக்குப்பத்துக்காரர் சுவரில் இருந்த அந்தோணியார் படத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார்.

"இவரு எந்த ஊர்ல பொறந்தாரு, தெரியுமா?"

"பதுவை அந்தோணியாருன்னு பேர்லயே ஊர் இருக்குதே. பதுவை."

"அதான் இல்ல. பொறந்தது லிஸ்பன். போர்ச்சுக்கல் தேசம். பதுவையில செத்தாரு."

நெல்லித்தோப்புக்காரர் பிறந்ததிலிருந்து அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவர். அவர் முகம் கறுத்தது. கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு திருப்பிக் கேட்டார்.

"உங்க முருகருக்கு ஆறு மொகம். எந்த மொகம் எதுக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

"ஏன், சொல்ல மாட்டனா? ஒண்ணு வள்ளியப் பாத்து சிரிக்க. ஒண்ணு வரம் குடுக்க. ஒண்ணு சூரனை அழிக்க. ஒண்ணு..." விரல் மடங்கியபடியே நின்றது. பந்தியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"என் சாமிய எனக்கே சொல்லித்தர வந்துட்டியா?"

"நீ மட்டும் என் அந்தோணியார ஊரை விட்டுத் தொரத்தலாமா?"

அவ்வளவுதான். தொட்டில் ஆடியது, தயிர்ப்பச்சடி வாளி கவிழ்ந்தது, குழந்தை வீரிட்டது. இரண்டு பக்க உறவுகளும் எழுந்து நின்றார்கள். அந்தப் பெண் பேர் வைக்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மதாம் இலையை மூடிவிட்டு எழுந்தார். ஆட்டோவில் திரும்பி வந்தோம். இறங்கும்போது, "அது அழுதுட்டே போச்சு, பாத்தீங்களா கண்ணாடிக்காரரே?" என்றார். குழந்தையைச் சொல்கிறாரா, குழந்தையின் தாயைச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

செய்தி பங்குப் பேரவைக்குப் போயிற்று. நம் பங்கு ஆளுக்கு நம் கடையிலேயே முருகன் புத்தகமா என்று கேள்வி எழுந்தது. புதிதாக வந்திருந்த ஃபாதர் நாற்பதைத் தாண்டியவர், சாது. மதாமிடம் நேரில் வந்து, "கொஞ்ச நாளைக்கு அந்தப் பின்சுவரை மட்டும் காலி பண்ணிடுங்கம்மா" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

மதாம் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் போட்டு, "உங்க கடையில கொஞ்சம் எடம் இருக்குதுல்ல?" என்று கேட்டு, என் மேசைக்கு அடியில் அடுக்கிவிட்டார்.

மறுவாரம் ஒருவர் என்னிடம் வந்து, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணு டெஸ்ட் பண்ணணும். மதாம் சொன்னாங்க."

உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டினேன். கடைசி வரி வரை கடகடவென்று வாசித்தார். "உங்களுக்குக் கண்ணு நல்லா இருக்கே?" என்றேன்.

"எனக்கு பௌத்தம் வேணும்" என்றார்.

அப்படி ஆரம்பித்தது. கள்ளச் சாராயம் விற்கிறவன் மாதிரி நான் மேசைக்கு அடியிலிருந்து சூஃபிகளையும் சமணர்களையும் எடுத்து செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் மதாம் நல்ல பிள்ளையாக ஜெபமாலை விற்றார். இடையிடையே, "பக்கத்துக் கடையில கண்ணு டெஸ்ட் பண்ணிக்குங்க" என்று அவர் குரல் கேட்கும். நான் குனிந்து பெட்டியைத் திறப்பேன்.

ஒருநாள் மத்தியானம் ஃபாதர் வந்தார்.

"கண்ணு டெஸ்ட் பண்ணணும். மதாம் சொன்னாங்க, நல்லா பாப்பீங்கன்னு."

பழக்கதோஷம். கை தானாகக் கீழே போய், ஒரு சூஃபிப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் எனக்கு வியர்த்தது. ஃபாதர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசைக்கு அடியில் பார்த்தார்.

"இதைப் படிக்க வச்சித்தான் டெஸ்ட் பண்ணுவீங்களா?"

"ஆமா ஃபாதர். எழுத்து பொடிசு... அதுக்காக."

அவர் புத்தகத்தைத் திறந்து கையை நீட்டித் தள்ளிப் பிடித்து வாசித்தார். வெள்ளெழுத்து என்று உடனே தெரிந்துவிட்டது. ஒரு லென்ஸைப் போட்டேன். பக்கம் தெளிவாயிற்று. "சரியா இருக்கா ஃபாதர்?" என்றேன். பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தையும் திருப்பினார். வேறு இரண்டு பேர் வந்து காத்திருந்து போய்விட்டார்கள். கடைசியில் எழுந்து, சோதனைச் சட்டத்தை மூக்கிலிருந்து கழற்றி என்னிடம் தந்துவிட்டு, புத்தகத்தை அங்கிக்குள் செருகிக்கொண்டார்.

"டெஸ்ட் இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பேரவையில் சொல்வாரா மாட்டாரா என்று நான் தூக்கமில்லாமல் கிடந்தேன். மதாமிடம் சொன்னால், "எந்தப் புக்கு குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டு, "அதைவிட நல்லது ஒண்ணு அடியில இருந்துச்சே" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் தவளக்குப்பத்துக்காரர் மறுபடி வந்தார். ஆறு முகத்தில் மிச்சம் மூன்று முகம் அவரைத் தூங்கவிடவில்லை. பெட்டியைத் திறந்து தரையில் சம்மணம் போட்டு முருகனைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் நிழல். நெல்லித்தோப்புக்காரர். கையில் புத்தகக் கடையில் அப்போதுதான் வாங்கிய அந்தோணியார் வரலாறு. கண்ணாடியின் காது தளர்ந்துவிட்டது என்று திருக வந்திருந்தார்.

இரண்டு பேரும் ஒருவர் கையில் இருந்ததை ஒருவர் பார்த்தார்கள். அவரவர் சாமியை அவரவர் படிக்க வந்திருக்கிறார்கள் என்பது இருவருக்கும் புரிந்துவிட்டது. நான் எழுத்துப் பலகையைத் துடைக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன்.

"லிஸ்பன்தான்" என்றார் நெல்லித்தோப்புக்காரர், சுவரைப் பார்த்து.

"ஒரு மொகம் வேள்வியக் காக்கவாம்" என்றார் இவர், பெட்டியைப் பார்த்து.

அதற்குமேல் அவர்கள் எவ்வளவு தூரம் போயிருப்பார்களோ, தவளக்குப்பத்துக்காரரின் போன் அடித்தது. மகள். ஸ்பீக்கரில் போட்டார். அவருக்கு வேறு மாதிரிப் பேசத் தெரியாது.

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் எப்ப முடிப்பீங்கன்னு காத்திருந்து பாத்தோம். முடியற மாதிரி தெரியல. நாங்களே பேர் வச்சி சர்ட்டிபிகேட் வாங்கிட்டோம். நிலா."

"அதென்னா பேரு? எந்தச் சாமி?"

"எந்தச் சாமியும் இல்ல." போன் வைக்கப்பட்டது.

இரண்டு பெரியவர்களும் கையிலிருந்த புத்தகங்களை என் மேசைமேல் வைத்தார்கள். பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரே கருத்தோடு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குள் நுழைந்தார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

"யாரு கூட சண்டை?" என்றார் மதாம், நிமிராமலே.

"பொண்ணு கூட" என்றார் ஒருவர். "மருமவ கூட" என்றார் மற்றவர். "சாமியே இல்லாம பேர் வச்சிருக்கா மதாம்! இதுக்கு ஒரு நல்ல புக்கா குடுங்க!"

மதாம் எழுந்தார். காலியாகக் கிடந்த பின்சுவரைப் பார்த்தார். முன்தட்டில் இருந்த ஜெபப் புத்தகங்களைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கையில் புத்தகம் இல்லாமல் திரும்பியதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"இதுக்கு எங்கிட்ட புக்கு இல்ல. போயி அந்தப் புள்ளயத் தூக்கி மடியில வச்சிக்கிட்டு உக்காருங்க. எந்த மொகம் எதுக்குன்னு அதுவே சொல்லும். வாய மட்டும் தொறக்காதீங்க."

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். வெயிலில் நின்று நெல்லித்தோப்புக்கு ஆட்டோ பேசினார்கள். ஆட்டோ கிளம்புவதற்குள் தவளக்குப்பத்துக்காரர் குரல் எங்கள் இருவர் காதிலும் விழுந்தது.

"நெலான்னா சந்திரன்தான சம்பந்தி? எங்க சிவன் தலையிலயே இருக்குது."

"எங்க மாதா காலடியிலயும் நெலாதான் இருக்குது. கோயில்ல செலையா நிக்கிற சுரூபத்தை நல்லாப் பாருங்க."

"தலையில இருக்கறது ஒசத்தியா, காலடியில இருக்கறது ஒசத்தியா?"

ஆட்டோ போய்விட்டது. மதாம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அது முழுக்கச் சிரிப்புதானா என்று நான் கேட்கவில்லை.

ஃபாதர் சில நாள் கழித்து, நான் செய்து அனுப்பிய கண்ணாடி மூக்கில் இருக்க, புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். என்னிடம் இல்லை, மதாமிடம். "இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்காமே?" என்று கேட்டார். அடுத்த திங்கட்கிழமை கோயில் ஆட்கள் வந்து என் மேசைக்கு அடியிலிருந்த பெட்டிகளைத் தூக்கிப்போய்ப் பின்சுவரில் மறுபடி அடுக்கினார்கள். பேரவையில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று ஃபாதரே தன் கையால் ஒரு சீட்டு எழுதி அந்தச் சுவரில் ஒட்டினார்: பொது அறிவு.

மதாம் அதற்குப் பிறகு சில வருடம் இருந்தார். முழங்கால் வலி அதிகமானதும் மகள் வந்து பிரான்சுக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கிருந்து மதாம் எனக்குப் போன் செய்வார். எப்போதும் ஒரே புலம்பல். "அடுக்குமாடி வூடு கண்ணாடிக்காரரே. மேல் வூட்ல அல்ஜீரியாக்காரங்க, கீழ் வூட்ல ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு. போன்ழூர், போன்ழூர்னு வணக்கம் மட்டும் சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிறாங்க. ஒருத்தரும் சண்டைக்கே வரமாட்றாங்க. இங்க எப்படித்தான் மனுஷங்க இருக்காங்களோ." அந்தக் குரல் மாதத்துக்கு மாதம் சின்னதாகிக்கொண்டே வந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்ட குரலா இது என்று வைத்த பிறகு நினைத்துக்கொள்வேன்.

கடைசியாக அவர் பேசியது ஒரு சாயங்காலம். எடுத்ததுமே குரல் பழையபடி இடித்தது. நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"கண்ணாடிக்காரரே, நேத்து கருவாடு வறுத்தேன்! மேல் வூட்டு அம்மா எறங்கி வந்து கதவை இடிஇடின்னு இடிச்சா. என்னா கத்து கத்துனா தெரியுமா? நானும் விடல. மாடிப்படி பூரா எங்க ரெண்டு பேரு சத்தம்தான்."

"ஐயையோ, அப்புறம் என்னா ஆச்சு மதாம்?"

"அப்புறம் என்னா, இன்னிக்கு அவளே வந்து உள்ள உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்கா. வைக்கிறேன், ஆறிடப்போவுது."